இரண்டாம் வினா: வகுப்பறையில் திறனாய்வுச் சிந்தனையை மதிப்பிடுதல்

1956இல் வெளிவந்த புளூமின் வகைப்பாடு நம் ஆசிரியர் பயிற்சியில் ஒரு பழக்கத்தை ஊன்றிவிட்டது. ‘ஏன்’, ‘ஒப்பிடுக’, ‘மதிப்பிடுக’ என வந்தால் உயர்சிந்தனை வினா. ‘யார்’, ‘எது’ என வந்தால் நினைவாற்றல் வினா. வினாவின் தரத்தை அதன் சொல்வடிவிலிருந்து அறிய முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். விடை ஏற்கெனவே குறிப்பேட்டில் எழுதப்பட்டிருந்தால், எந்த ‘ஏன்’ வினாவும் மனப்பாட வினாவே.

பழகிய ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். நீருள்ள தட்டில் எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்திக் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால், சுடர் அணைந்து நீர் உள்ளே ஏறும். ஏன்? “ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, காற்றில் அது ஐந்தில் ஒரு பங்கு, அந்த இடத்தை நீர் நிரப்பியது” என்று மாணவர்கள் தயங்காமல் சொல்வார்கள். விடை சரளமானது, பெரும்பாலும் தவறானது. ஆனால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

இனித்தான் மதிப்பீடு தொடங்குகிறது. “மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் நீர் எவ்வளவு ஏறும்?” டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் கூடவில்லை, ஆகவே அதே அளவுதான் ஏற வேண்டும். செய்து பார்த்தால் கூடுதலாக ஏறுகிறது. சுடர் அணையும் தறுவாயில்தான் நீர் விரைந்து ஏறுகிறது என்பதையும், டம்ளரின் விளிம்பில் குமிழிகள் வெளியேறுவதையும் கவனித்த மாணவர், சூடேறி விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேற, எஞ்சியது குளிர்ந்து சுருங்குவதே முதன்மைக் காரணம் என்று கண்டடையக்கூடும். கண்டடையாமல், “அப்படியென்றால் நான் சொன்ன காரணம் பொருந்தவில்லையே” என்று மட்டும் சொன்னாலும் அவருக்கு மதிப்பெண் உண்டு. சான்று எதிர்த்து நிற்கும்போது மாணவர் தன் கூற்றை என்ன செய்கிறார் என்பதை முதல் வினா ஒருபோதும் காட்டாது.

நன்னூல் வினாக்களை ஆறாகப் பகுத்தது வினவுபவரின் நிலையை வைத்து. தான் அறிந்ததையே பிறர் அறிவாரா எனச் சோதிக்கும் அறிவினா அவற்றுள் ஒன்று மட்டுமே. நம் வகுப்பறையோ ஏறக்குறைய அதனாலேயே நிரம்பியிருக்கிறது. இரண்டாம் வினாவைக் கேட்கும் ஆசிரியருக்கு அறிவியல் தெரியும், மாணவர் அடுத்து என்ன சொல்வார் என்பது தெரியாது. அந்த அளவில் அது அறியா வினாவை நெருங்குகிறது. விடை வகை எட்டில் ‘வினா எதிர் வினாதல்’ என்பதற்கும் நன்னூல் இடம் தந்திருக்கிறது. “டம்ளர் பெரிதாக இருந்தால்?” என்று திருப்பிக் கேட்கும் மாணவரின் பேச்சை விடையாகக் கொள்ளும் மதிப்பீட்டுப் படிவம் நம்மிடம் அரிது.

இதற்கு நேரம் வேண்டும். மேரி பட் ரோ 1974இல் வெளியிட்ட ஆய்வில், வினா எழுப்பியபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடியே காத்திருந்தனர். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தபோது விடைகள் நீண்டன, மௌனம் குறைந்தது. மாணவர் பேசி முடித்தபின் ஆசிரியர் காக்கும் இடைவெளியையும் அவர் தனியே கணக்கிட்டார். நம் நோக்கத்துக்கு இரண்டாவதே முக்கியம். “சபாஷ்” என்ற சொல் பெரும்பாலும் அங்கேதான் குறுக்கே விழுகிறது.

வாய்மொழி வினா பேச்சுத் திறனையே அளக்கிறது, கூச்சமுள்ள பிள்ளை தோற்கிறது என்ற மறுப்பு நியாயமானது. சோதனைக்கு முன் ஊகத்தையும் காரணத்தையும் அனைவரும் தாளில் எழுதுவதும், முடிவைக் கண்டபின் அடித்து அழிக்காமல் கீழே திருத்தம் எழுதுவதும் அதற்கு ஓரளவு விடை. தமிழ்நாட்டில் 2012–13இல் முப்பருவ முறையோடு வந்த வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணில் இத்தகைய தாள்களுக்கு இடமிருந்தது. ஒட்டி ஒப்படைக்கும் படத்தொகுப்புகளைவிட அந்த இரு பத்திகளின் இடைவெளி மதிப்பிடத் தக்கது.