வழிநூல் மரபும் லினக்ஸ் மாற்றமும்

நன்னூல் செய்த பவணந்தி முனிவரை ஆதரித்தவன் சீயகங்கன் என்று அந்நூலின் சிறப்புப் பாயிரம் கூறும். அவன் கங்கர் குலத்துச் சிற்றரசன். கங்கர்களின் முதல் தலைநகரம் குவளாலபுரம், அதாவது நம்ம கோலார். எனவே தமிழ்ப் பிள்ளைகள் இன்றும் படிக்கிற இலக்கண நூலுக்கும் இந்தத் தங்கவயல் சீமைக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. இதைச் சொல்லித் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பவணந்தியார் வகுத்த ஒரு பாகுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், கணினி உலகில் 40 ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கு நமக்குச் சுலபமாக விளங்கும்.

அவர் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாகப் பிரித்தார். முதல்நூலோடு பொருளால் ஒத்து, பின்னவன் வேண்டிய வேறுபாடுகளையும் சேர்த்துச் செய்வது வழிநூல். கொஞ்சம் ஒத்து, மற்றவற்றில் விலகிப் போவது சார்புநூல். முன்னவர் கருத்தை மட்டுமின்றி அவர் வாசகத்தையே எடுத்தாள்வதும் தகும் என்பது அவர் கொள்கை. அதைத் திருட்டு என்று அவர் நினைக்கவில்லை.

நன்னூலுக்கே அப்படித்தான் நடந்தது. சமணரான மயிலைநாதர் முதலில் உரை செய்தார். 17ஆம் நூற்றாண்டில் சைவரான சங்கர நமச்சிவாயர் புதிதாக விரிவான உரை எழுதினார். அடுத்த நூற்றாண்டில் சிவஞான முனிவர் அவ்வுரையை எடுத்து, வேண்டிய இடங்களில் திருத்தியும் சேர்த்தும் புதுக்கினார். சமணர் செய்த நூலைச் சைவர் பேணினர். ஒருவர் உரையை மற்றவர் திருத்தினார். யாரும் யாரிடமும் உரிமம் வாங்கவில்லை. மூலம் எல்லார் கையிலும் இருந்தது, அவ்வளவுதான்.

இனிக் கணினிக்கு வருவோம். இயங்குதளம் என்பது, கணினியைப் போட்டவுடன் முதலில் விழித்துக்கொண்டு, மற்ற மென்பொருள்களுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுக்கிற மேஸ்திரி. அந்த மேஸ்திரி எப்படி வேலை செய்ய வேண்டும் என்று மனிதர் படிக்கும்படி எழுதி வைத்ததே மூலநிரல். வணிக நிறுவனம் பண்டத்தை விற்கும். பக்குவம் எழுதிய சீட்டைத் தராது. நானும் வியாபாரி, பண்டத்துக்கு விலை கேட்பதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வாங்கியவன் தன் வீட்டில் உப்புக் கூட்டிக்கொள்ளக்கூடாது, பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுக்கக்கூடாது என்று சொல்வது எந்தச் சந்தையிலும் இல்லாத வழக்கம்.

இதை முதலில் எதிர்த்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். அங்கிருந்த பழைய அச்சுப்பொறி, காகிதம் சிக்கினால் பயனருக்குச் செய்தி அனுப்பும்படி அவர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. அதன் மூலநிரல் வரவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அது வைத்திருந்தவரைத் தேடிப்போய்க் கேட்டார். தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் கைவிரித்தார். காகிதம் சிக்கிய ஒரு சின்ன எரிச்சல்தான் விதை. 1983 செப்டம்பர் 27இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1989இல் வந்த பொது உரிமம் சொல்வது இதுதான்: பயன்படுத்து, படித்துத் திருத்து, படியெடுத்துக் கொடு, திருத்தியதையும் கொடு, ஆனால் நீ கொடுக்கும்போது மூலத்தையும் சேர்த்துக் கொடு. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் கருநிரலை அறிவித்தார்; அடுத்த ஆண்டு அதே உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்ததையே லினக்ஸ் என்கிறோம். 1993இல் தொடங்கிய டெபியன் முதல்நூல் என்றால் 2004இல் வந்த உபுண்டு அதன் வழிநூல். சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியனின் வழிநூலே.

சமணருக்கு இது புதிதல்ல. உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம் ஆகிய நான்கு தானங்களில் சாத்திர தானம் என்பது ஓலையைப் படியெடுத்துக் கொடுப்பது. இதே கன்னட நாட்டில் 10ஆம் நூற்றாண்டில் அத்திமப்பை என்ற அம்மையார், பொன்னகவி செய்த சாந்திபுராணத்தை 1000 படிகள் எழுதுவித்துத் தானம் செய்தார். உபுண்டுக்காரர்கள் 2005 முதல் 2011 வரை கேட்டவர்க்கெல்லாம் குறுந்தகட்டைத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். ஊரிகம் தபால்காரர் ஒன்றை எங்கள் வீட்டிலும் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அத்திமப்பை ஞாபகம்தான் வந்தது.

தமிழ் பேசுவோர்க்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு நிறுவனமும் எழுத்துகளுக்குத் தன்னிஷ்டப்படி எண் கொடுத்தது. ஒருவர் அடித்த ‘க’ மற்றவர் கணினியில் வேறு ஏதோ கோலமாகத் தெரியும். தமிழக அரசு 1999இல் தாம், தாப் என்ற குறியீடுகளையும் தமிழ்நெட் 99 விசைப்பலகையையும் அறிவித்தது. கடைசியில் 2010இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி ஒருங்குறியும் டேஸ்-16 முறையும் அரசின் தரமாயின. இடைப்பட்ட காலத்தில், 2000ஐ ஒட்டி, கனடா, மலேசியா, இலங்கை, தமிழகம் என்று பல நாட்டுத் தன்னார்வலர்கள் லினக்ஸின் கே.டி.இ. திரையைத் தமிழாக்கினார்கள். சென்னையில் ‘ழ கணினி’ என்ற முயற்சி நடந்தது; நம்ம பெங்களூர் பி.இ.எல்.லில் வேலை பார்த்த எழுத்தாளர் சுஜாதா அதற்குத் துணை நின்றார். இவர்களில் யாரும் எந்தக் கம்பெனி வாசலிலும் போய் அனுமதி கேட்டு நிற்கவில்லை. மூலம் கையில் இருந்தது. கோப்பு, அடைவு என்று எழுதிச் சேர்த்தார்கள்.

இனி ஓர் அரசு நிறுவனமே மாறிய கதை. தமிழ்நாடு மின்னணுக் கழகம், அதாவது எல்காட், தமிழக அரசுக்குக் கணினி வாங்கிக் கொடுக்கும் நிறுவனம். 2006 முதல் 2008 வரை அதன் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., விண்டோஸை விட்டு சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் அலுவலகத்தை மாற்றினார். உரிமச் செலவும் வைரஸ் தொல்லையும் காரணங்கள். அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது வரிசை. சுற்றறிக்கை அனுப்பிவிட்டுத் தாம் பழையதிலேயே உட்காரவில்லை. முதலில் தம் கணினியை மாற்றிப் பழகினார், பிறகு ஊழியர்களை மாற்றினார். அரசுப் பள்ளிகளுக்கு வாங்கிய ஆயிரக்கணக்கான கணினிகளிலும் லினக்ஸ் போயிற்று. பெரிய அளவில் வாங்குகிறவன் கேட்டால் விற்கிறவன் இறங்கி வருவான் என்பது வியாபாரத்தில் அரிச்சுவடி. அதை அரசுத் தரப்பில் ஒருவர் செய்து பார்த்தார்.

அவர் போன பிறகு வேகம் குறைந்தது என்பதே என் கருத்து. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டும் இருந்தன. வந்தவாசிப் பக்கத்து எங்கள் உறவுப் பிள்ளைகள் எதைத் திறந்தார்கள் என்று கேட்க வேண்டாம். 2014 ஏப்ரல் 8இல் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, துறைகள் பாஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு மறுபடியும் சொன்னது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி இன்னும் பெரிய பாடம். பத்து வருஷம் பாடுபட்டு 2013க்குள் ஏறக்குறைய 15,000 கணினிகளை மாற்றியது; 2017இல் விண்டோஸுக்கே திரும்ப நகரசபை முடிவெடுத்தது. கேரளம் மட்டும் விடவில்லை. 2001இல் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டத்தில் ஆசிரியர்களையே பழக்கினார்கள். அவர்களே தங்களுக்கான லினக்ஸ் வழிநூலையும் செய்துகொண்டார்கள். அதிகாரி மாறிப் போவார், ஆசிரியர் அங்கேயே இருப்பார். வித்தியாசம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நம் கடைவீதிக்கு வருவோம். ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் கடைக்காரர் விண்டோஸை விடாததற்குக் காரணம் விண்டோஸ் அல்ல, டேலி. அது பெங்களூர் நிறுவனந்தான், ஆனால் விண்டோஸில் ஓடுவது. ஆடிட்டர் கேட்பது டேலி கோப்பு. அதனால் கணக்குக்கு ஒரு கணினியை அப்படியே வைத்துக்கொண்டு, கடிதம், படிப்பு, இணையம் எல்லாம் லினக்ஸில் செய்வதே நடக்கிற காரியம். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கும் ஆதரவு நின்றுபோச்சு. பழைய பெட்டிகள் பலவற்றில் 11 ஏறாது. நல்ல நிலையில் இருக்கிற பெட்டியை எடைக்குப் போட வேண்டாம். லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும். ஒரே கம்பெனியை நம்பி இருந்து, 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியதும் திகைத்து நின்ற ஊர் நம்முடையது. இதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. ராக் பர்ஸ்டில் உயிர்விட்ட தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியலொன்றை நம் பெரியவர்கள் சிலர் லைன் வீடுகளில் விசாரித்து விசாரித்துத் தொகுத்து, 1990களின் கடைசியில் கணினியில் அடித்து வைத்தார்கள். அடித்த எழுத்துரு மென்பொருள் ஒரு நிறுவனத்துடையது, பெயர் வேண்டாம். கணினியின் பின்னால் ஒரு ஹார்டுவேர் லாக் செருகினால்தான் அது திறக்கும். அந்தச் செருகுமிடமே புதிய கணினிகளில் இல்லை. விற்றவர் கடையும் இல்லை. கோப்பு பத்திரமாக இருக்கிறது, ஆனால் பெயர்களைப் படிக்க முடியவில்லை.

அச்சான பழைய பிரதி ஒன்று மாரிக்குப்பத்தில் ஒரு வீட்டில் கிடைத்தது. நம் பிள்ளைகள் இருவர், தினமும் ரயிலில் பெங்களூர் போய்வருகிறவர்கள், ஒரு கட்டற்ற எழுத்துமாற்றி நிரலை எடுத்தார்கள். அதில் இந்த எழுத்துருவுக்கு அட்டவணை இல்லை. அச்சுப் பிரதியையும் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தக் குறி ‘மு’, இந்தக் குறி ‘னி’ என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அட்டவணையைச் சேர்த்தார்கள். முனுசாமி, கன்னியப்பன் எல்லாம் வந்துவிட்டார்கள். ‘ஞா’ வருகிற பெயர்கள் மட்டும் இன்னும் சரியாகவில்லை. அந்தப் பக்கம் பிரதியில் கிழிந்திருக்கிறது. சாம்பியன் ரீஃப், ஊரிகம் குடும்பங்களில் அப்படிப் பெயருள்ள பெரியவர் யாரையாவது சுரங்கத்தில் இழந்தவர்கள் இருந்தால் சங்கத்துக்கு வந்து சொல்ல வேண்டுகிறோம்.