இரு விடியல்களைக் கண்ட பயணம்

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகருக்கும் லண்டனுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். 2018 மார்ச் 24 அன்று பெர்த்திலிருந்து புறப்பட்ட குவாண்டாஸ் விமானம் வழியில் எங்கும் தரையிறங்காமல், சுமார் 17 மணி நேரத்தில் லண்டனை அடைந்தது. இச்செய்தியை நாம் வியப்போடு படித்தோம். பின் மறந்தும் போனோம். ஆனால் இவ்வழிக்கு ஒரு முன்கதை உண்டு. அது நம் அண்டை நாடான இலங்கையைத் தொட்டுச் செல்வது.

1938 முதல் சிட்னிக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நீர்விமானங்கள் சிங்கப்பூர் வழியாகப் பறந்தன. பயணம் ஒன்பது, பத்து நாள்கள் நீடித்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாகவே அவ்வழி அறுந்தது. இரு நாடுகளுக்கிடையே கடிதப் போக்குவரத்தும் தடுமாறிற்று. போர்க்காலத்தில் ஒரு கடிதத்தின் அருமை என்னவென்பதை, மகனைப் போர்முனைக்கு அனுப்பிய தாயே அறிவாள்.

1943-ஆம் ஆண்டின் நடுவில் துணிகரமான முயற்சியொன்று தொடங்கியது. பெர்த்திலிருந்து, காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரி வரை இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் கடப்பது! தொலைவு ஐயாயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல். காட்டலினா நீர்விமானம் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வேகத்திலேயே செல்லும். ஆகவே பயணம் 27 முதல் 33 மணி நேரம் வரை நீண்டது. பயணிகள் சூரியன் உதிப்பதை இருமுறை கண்டனர். ‘இரட்டை விடியல்’ என்ற பெயர் அப்படி வந்ததே.

எரிபொருளைச் சுமப்பதற்காக, குளிர் தடுக்கும் உட்காப்பு முதலியவற்றைக் கூடக் கழற்றி எறிந்தனர். ஏற்றிச் சென்றதோ மூன்று பயணிகளையும், எழுபது கிலோவுக்கும் குறைவான தபாலையுமே. முதற்சில மணி நேரங்களில் ஓர் இயந்திரம் பழுதுற்றாலும் அத்தனை பாரத்தோடு வானில் நிற்க இயலாது. பகைவர் விமானங்கள் உலவிய பகுதியை இருளில் கடந்தனர். வானொலியில் பேசவும் தடை. வழிகாட்டியவை விண்மீன்களே. ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களையே சூட்டியிருந்தது பொருத்தம்தான். கொக்கலையை அடைந்தோர் கராச்சி வழியாக லண்டன் செல்லலாம்.

கொக்கலையைப் பற்றி ஒரு சொல். அங்கே விமானத்தளம் அமைப்பதற்காகக் கிராம மக்கள் தம் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது; அவருடைய வீடு தப்பிப் பிழைத்து இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. விமானிகளின் வீரத்தைப் போற்றும் நூல்கள் இம்மக்களைப் பற்றி ஓரிரு வரிகளோடு நிறுத்திக்கொள்வது நமக்கு உவப்பாயில்லை.

1945 ஜூலை வரை இவ்விமானங்கள் 271 முறை அக்கடலைக் கடந்தன. ஓர் உயிர் கூடப் பலியாகவில்லை. ஆயினும் போர் முடிந்ததும், அமெரிக்கா அவற்றை அளித்தபோது விதித்த நிபந்தனைப்படி, அவ்விமானங்கள் ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.