அப்பாவின் ஒலிச்சித்திரம்

புதுச்சேரிக்கென்று வானொலி நிலையம் வந்தது 1967 செப்டம்பர் 23ஆம் தேதி. அதுவரை நமக்குத் திருச்சி, சென்னை, இல்லாவிட்டால் இலங்கை வானொலிதான். ரேடியோ வைத்திருக்கத் தபாலாபீசில் ஆண்டுக்கு 15 ரூபாய் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஷிப்ட் முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாடகமோ ஒலிச்சித்திரமோ கேட்டுவிட்டு வருவார். ராத்திரி திண்ணையில் அதை எங்களுக்குத் திரும்பச் சொல்வார். குதிரைக் குளம்புக்கு இரண்டு கொட்டாங்குச்சி, மழைக்கு முறத்தில் அரிசி. அரிசி சிந்துகிறதென்று அம்மா திட்டுவார்.

1961 இருக்கும். அன்று டீக்கடை மூடியிருந்தது. நாங்கள் விடவில்லை. அப்பா ஒரு கதை ஆரம்பித்தார். ஆலைச் சங்கு ஊதுகிறது. ஆட்கள் வேலையை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். வெளியே சிப்பாய்கள். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் பஞ்சுப் பொதிக்குப் பின்னால் படுத்துக்கொள்கிறான். துப்பாக்கிச் சத்தத்துக்கு மட்டும் அப்பா எதையும் தட்டவில்லை.

"எந்த ஸ்டேஷன்லப்பா வந்துச்சு?"

"நம்ம ஊரு ஸ்டேஷன்டா."

அப்போது ஏது நம் ஊரில் ஸ்டேஷன்!

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. நெப்போலியனின் போர்கள் தேதிவாரியாகத் தெரியும். 1936 ஜூலை 30 தெரியாது. அன்று வேலைநிறுத்தம் செய்த நம் ஊர்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். மக்கள் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற போராட்டம் அது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் 8 மணி நேர வேலை சட்டமானது. அப்பாவுக்கு டீக்கடையில் உட்கார்ந்து கதை கேட்கப் பொழுது கிடைத்ததே அதனால்தான். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

நம் ஊர் நிலையம் வந்ததும் கடன் வாங்கி ஒரு மர்பி செட் வாங்கினார். 1968 ஜூலை 30 அன்று லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். ராத்திரி ரேடியோவை நிறுத்திவிட்டு, "நோட்டு எடுத்துக்கிட்டு வாடா" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இந்தத் தடவை "ஒரு பையன்" இல்லை, "நான்". எனக்குத் தமிழ் அவ்வளவு வேகமாக எழுத வராது, பிரெஞ்சில்தான் எழுதினேன். முடிந்ததும் படிக்கச் சொன்னார். தமிழாக்கிப் படித்தேன். ஒரே இடத்தில் நிறுத்தித் திருத்தினார். பொதிக்குப் பின்னால் படுத்தது அவர் மட்டும் இல்லையாம், மூன்று பேராம். எழுந்தது இரண்டு பேர்.