அவசரப்பட்டு அடித்த பெயிண்ட்

கம்பெனிகள் இணைவதைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தும்போதெல்லாம் பேலன்ஸ் ஷீட், பங்கு விலை, குட்வில் என்றுதான் பேச்சு போகும். எனக்கு மட்டும் சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு டீசல் எஞ்சின் ஞாபகத்துக்கு வந்து தொலைக்கும். இன்றைய பதிவு அதைப் பற்றித்தான் நண்பர்களே.

அமெரிக்காவில் சதர்ன் பசிபிக், சான்டா ஃபே என்று இரண்டு பெரிய ரயில் கம்பெனிகள் இருந்தன. 1983 டிசம்பரில் இவற்றின் தாய்க் கம்பெனிகள் ஒன்றாகிவிட்டன. ஆனால் ரயில்களையே ஒன்றாக ஓட்ட வேண்டுமென்றால் இன்டர்ஸ்டேட் காமர்ஸ் கமிஷனின் அனுமதி தேவை. "கிடைக்காமலா போகும்" என்ற தைரியத்தில், அனுமதி வரும் முன்பே எஞ்சின்களுக்குப் புது வண்ணம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். உடம்பெல்லாம் சிவப்பும் மஞ்சளும், மேலே கறுப்பு. கோடாக் ஃபிலிம் டப்பாவின் சாயல் தெரிந்ததால் ரசிகர்கள் அதற்கு 'கோடாக்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். பக்கவாட்டில் ஒரு கம்பெனியின் எஞ்சினில் எஸ்.பி. மட்டும், மற்றதில் எஸ்.எஃப். மட்டும் எழுதி, பாக்கி இரண்டு எழுத்துக்கு இடம் விட்டு வைத்தார்கள். (பெண் பெயருக்கு இடம் விட்டு கல்யாணப் பத்திரிகை அச்சடித்த மாதிரி!)

1986 ஜூலையில் கமிஷன் கையை விரித்துவிட்டது. இரண்டும் பல இடங்களில் ஒரே திசையில் ஓடும் தண்டவாளங்கள். சேர்ந்துவிட்டால் போட்டி இருக்காது என்பது முக்கிய காரணம். எஸ்.பி.எஸ்.எஃப். என்பதற்கு 'ஷுடன்ட் பெயிண்ட் ஸோ ஃபாஸ்ட்' என்று விரிவு சொல்லிச் சிரித்தார்கள். அதாவது, இவ்வளவு அவசரமாகப் பெயிண்ட் அடித்திருக்கக் கூடாது!

எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான். வண்ணம் மாற்றுவது சும்மா நடக்காது. பெயிண்ட், கூலி தவிர, எஞ்சின் பட்டறையில் நிற்கும் நாட்களில் வருமானமும் கிடையாது. ஆகவே நூற்றுக்கணக்கான எஞ்சின்கள் நடக்காத கல்யாணத்தின் புடவையிலேயே ஓடின. 1988இல் சதர்ன் பசிபிக் வேறு கைக்குப் போயிற்று. சான்டா ஃபே 1989இல் தன் பழைய சிவப்பு வெள்ளி வண்ணத்தைத் திரும்பக் கொண்டு வந்தது. கோடாக்ரோம் எஞ்சின்களோ அரிசோனா, கலிபோர்னியா பாலைவன வெயிலில் காய்ந்தன. வெயில் முதலில் கெடுப்பது நிறமிகளைப் பிடித்து வைத்திருக்கும் பிசினை. அது உதிர்ந்தால் மேற்பரப்பு சுண்ணாம்பு போலாகிவிடும். விரலால் தேய்த்தால் விரலில் ஒட்டும். (எங்கள் வீட்டு இரும்பு கேட்டும் அப்படித்தான்.) புகைபோக்கி அருகே கரி, கீழே பிரேக் தூசி. நாலைந்து வருடத்தில் ஒரே டப்பா பெயிண்ட் அடித்த இரண்டு எஞ்சின்கள் பக்கத்தில் நின்றால் வேறு வேறு கம்பெனி போலத் தெரியும்.

அப்படியானால் அசல் சிவப்பு எது? வெளிறிய எஞ்சினைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரசிகர்கள் அன்று எடுத்த ஸ்லைடுகளைத்தான் தேட வேண்டும். அவற்றில் பல கோடாக்ரோம் ஃபிலிமில் எடுத்தவை. இருட்டில் பத்திரமாக வைத்தால் பல பத்தாண்டுகள் நிறம் மங்காத ஃபிலிம் அது. அதன் தயாரிப்பை கோடாக் 2009இல் நிறுத்திவிட்டது. கடைசிச் சுருள்களைக் கழுவிய கடை, கான்சாஸ் மாநிலத்தில், 2010 டிசம்பரோடு சுருள்களை வாங்கிக்கொள்வதை நிறுத்திவிட்டது.