பப் சுவரில் தொங்கிய பலகை

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1908-இல் நடந்ததாக ஒரு வழக்கை, பலகையில் குறிவைத்துச் சிற்றம்பு எறியும் டார்ட்ஸ் ஆட்டத்தை ஆடுபவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அடெல்ஃபி என்ற பப்பை நடத்திவந்த ஜிம் கார்சைட் மீது புகார். மது விற்கும் இடத்தில் அதிர்ஷ்டத்தை நம்பி ஆடும் ஆட்டத்துக்கு இடம் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. கார்சைட் உள்ளூரில் கைதேர்ந்த ஆட்டக்காரரான வில்லியம் அனாக்கினைக் கோர்ட்டுக்கே கூட்டிவந்தார். பலகையை மாட்டினார்கள். அனாக்கின் எறிந்த மூன்று டார்ட்டும் 20-இல் போய்க் குத்தின. கோர்ட் குமாஸ்தாவும் எறிந்து பார்த்தார், அவருக்குக் கைகூடவில்லை. அனாக்கின் மறுபடி எறிந்தார், மறுபடியும் மூன்றும் 20. அதிர்ஷ்டம் இப்படி வரிசையாக வராது என்று வழக்கு தள்ளுபடியானது.

கதை என்னவோ அருமை. ஆனால் டார்ட்ஸ் வரலாற்றைப் பல ஆண்டுகள் தோண்டிய பாட்ரிக் சாப்ளினுக்கு இதை உறுதிசெய்யும் கோர்ட் பதிவு எதுவும் அகப்படவில்லை. எட்டாம் ஹென்றி மன்னருக்கு ஆன் போலின் 1532-இல் அழகிய டார்ட்டுகளைப் பரிசளித்தார் என்று இன்னொரு கதையும் உலவுகிறது. ஆனால் அவை பன்றி வேட்டைக்கான ஈட்டிகள். பப்பில் பிறந்த ஆட்டத்துக்கு அரண்மனைப் பூர்வீகம் தேடும் ஆசை யாருக்குத்தான் இல்லை!

லீட்ஸ் கதைக்குப் பின்னால் இருந்த அச்சம் மட்டும் உண்மையானது. அதிர்ஷ்ட ஆட்டம் என்று முத்திரை விழுந்தால் பப்பின் உரிமமே போய்விடும். திறமை ஆட்டம் என்றால் தப்பிக்கலாம். தமிழ்நாட்டில் ரம்மிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் நடந்த வழக்குகளைக் கவனித்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் சென்னை ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில்தான். டார்ட்ஸின் நூறாண்டுக் கதையில் எறியும் கை அப்படியே இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல வந்தவர்கள்தான் மாறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு.

பலகையைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். 1 முதல் 20 வரை எண்கள், ஆனால் வரிசையாக அல்ல. 20-க்கு ஒரு பக்கம் 1, மறுபக்கம் 5. பெரிய எண்ணுக்குக் குறிவைத்துக் கை சற்றுப் பிசகினால் சில்லறைதான் மிஞ்சும். இந்த அடுக்கை 1896-இல் லங்காஷயரின் பரி ஊரைச் சேர்ந்த பிரையன் காம்லின் என்ற தச்சர் அமைத்தார் என்பார்கள், அதற்கும் உறுதியான சான்று இல்லை. யார் அமைத்திருந்தாலும், குருட்டாம்போக்கில் எறிபவரைத் தண்டிக்கும் அமைப்பு அது. எறிபவர் 2.37 மீட்டர் தள்ளி நிற்கிறார். மூன்று மடங்கு மதிப்பெண் தரும் வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர். 501-இலிருந்து கழித்துக்கொண்டே வந்து, கடைசி எறி இருமடங்கு மதிப்பெண் தரும் வளையத்திலோ நடுமையத்திலோ விழுந்து கணக்கு சரியாகப் பூஜ்யத்தில் முடிய வேண்டும். 2011-இல் ரயன் டிப்ஷிரானியும் வேறு இரு புள்ளியியலாளர்களும் எங்கே குறிவைத்தால் லாபம் என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். துல்லியமாக எறிபவருக்கு மும்மடங்கு 20. கை கொஞ்சம் தடுமாறுபவருக்கு மும்மடங்கு 19 மேல். கற்றுக்குட்டிக்கு நடுமையத்தை ஒட்டிய இடமே பாதுகாப்பு. அதாவது, தன் கை எவ்வளவு பிசகும் என்று தெரிந்தவரே சரியான இடத்தைக் குறிவைக்க முடியும்.

ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் பலகை வேறு. மான்செஸ்டரில் ஒன்று, யார்க்ஷயரில் ஒன்று. நாம் மேலே பார்த்த லண்டன் பலகை நாடு முழுவதும் பரவியதில் ஒரு பத்திரிகைக்குப் பெரிய பங்குண்டு. ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ 1927-இல் லண்டன் வட்டாரத்தில் தொடங்கிய போட்டி ஒவ்வொரு பகுதியாகப் பரவியது. 1939-இல் லண்டன் அக்ரிகல்சுரல் ஹாலில் நடந்த இறுதிப் போட்டியைப் பார்க்க 14,000-க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். அதற்கு முன்பே, 1937 டிசம்பரில், ஆறாம் ஜார்ஜ் மன்னரும் அவர் மனைவி ராணி எலிசபெத்தும் ஸ்லவ் நகரின் சமூகக் கூடமொன்றில் டார்ட் எறிந்து பார்த்திருந்தார்கள். ராணியே எறிந்த பிறகு பெண்கள் பலகைக்கு முன் நிற்பதை யார் குறை சொல்ல முடியும்?

அரச குடும்பம் தந்த மரியாதையை விடத் தொலைக்காட்சி தந்தது அதிகம், எடுத்துக்கொண்டதும் அதிகம். 1970-களில் யார்க்ஷயர் தொலைக்காட்சியின் ‘இண்டோர் லீக்’ நிகழ்ச்சி பப் ஆட்டங்களை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. தொகுத்து வழங்கியவர் கிரிக்கெட்டின் புகழ்பெற்ற வேகப்பந்து வீச்சாளர் ஃபிரெட் ட்ரூமன். திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் எறிபவர் முகத்தையும் மறுபாதியில் பலகையையும் காட்டும் உத்தி வந்ததும், தொலைக்காட்சிக்கென்றே பிறந்த ஆட்டம்போல் டார்ட்ஸ் ஆகிவிட்டது. 1973-இல் ஆலி கிராஃப்ட் பிரிட்டிஷ் டார்ட்ஸ் அமைப்பைத் தொடங்கினார். 1978-இல் நாட்டிங்ஹாமில் முதல் உலகச் சாம்பியன் போட்டி. நடந்த இடம் ஓர் இரவு விடுதி, விளம்பரதாரர் ஒரு சிகரெட் கம்பெனி. வேல்ஸின் லெய்டன் ரீஸ் ஜான் லோவை 11-7 என்று வென்றார். அதே லோ 1984-இல், தொலைக்காட்சியில் முதன்முறையாக ஒன்பதே டார்ட்டில் 501-ஐ முடித்துக் காட்டி 1,02,000 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார்.

பணம் வந்தது, கேலியும் வந்தது. மேடையிலேயே ஆட்டக்காரர் கையில் பியர்க் கோப்பை, வாயில் சிகரெட், பெல்ட்டுக்கு மேலே தொங்கும் வயிறு. 1980-இல் பிபிசியின் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில் இரண்டு தொந்திக்காரர்கள் டார்ட்ஸ் வீரர்களாக வந்தார்கள். அறிவிப்பாளர் எண்ணியது மதிப்பெண்களை அல்ல, அவர்கள் காலி செய்த கோப்பைகளை. நாடே சிரித்தது. ‘இதெல்லாம் ஒரு விளையாட்டா’ என்ற கேள்விக்கு உண்மையான பொருள் அந்தச் சிரிப்பில் இருக்கிறது. எறியும் கையின் துல்லியத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. கேலி செய்யப்பட்டது அந்தக் கைக்குச் சொந்தக்காரரின் உடம்பும், அவர் வந்த தெருவும். துப்பாக்கி சுடும் வீரரும் அசையாமல் நின்றுதான் குறிவைக்கிறார், அவரிடம் யாரும் வியர்வைக் கணக்குக் கேட்பதில்லை.

1980-களின் இறுதிக்குள் ஐடிவி தொலைக்காட்சி டார்ட்ஸ் ஒளிபரப்பிலிருந்து விலகிக்கொண்டது. தொலைக்காட்சியில் மிஞ்சியது உலகச் சாம்பியன் போட்டி மட்டும். மேடையில் மதுவுக்குத் தடை வந்தது. வருமானம் குறைந்து நொந்த முன்னணி வீரர்கள் 1993-இல் பிரிட்டிஷ் டார்ட்ஸ் அமைப்பிலிருந்து பிரிந்துபோய்த் தனிப் போட்டி நடத்தத் தொடங்கினார்கள். 1997-இல் சமரசம் எட்டும்வரை இரு தரப்பும் வக்கீல்களுக்குப் படியளந்தன.

அடுத்துத் தீர்ப்புச் சொன்னது அரசு வாரியம். 2005 மார்ச்சில் பிரிட்டனின் விளையாட்டு மன்றங்கள் டார்ட்ஸை முறையான விளையாட்டாக அங்கீகரித்தன. பொது நிதி கேட்கும் தகுதி அதோடு வந்தது. எந்த விதமான தகுதி என்பது பத்தாண்டு கழித்துச் சீட்டு விளையாடுபவர்களுக்குப் புரிந்தது. பிரிட்ஜ் ஆட்டத்தையும் விளையாட்டாக ஏற்கச் சொல்லி இங்கிலாந்து பிரிட்ஜ் சங்கம் 2015-இல் லண்டன் உயர் நீதிமன்றம் போய்த் தோற்றது. உடலுழைப்பு வேண்டும் என்பது ‘ஸ்போர்ட் இங்கிலாந்து’ வாரியம் பிடித்துக்கொண்ட அளவுகோல். ஒரு கை நீட்டி, சுமார் 20 கிராம் எடையுள்ள பொருளை எறிவது அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தது. சீட்டை மேசையில் போடுவது அந்தப் பக்கம்.

ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியல் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. இதயத் துடிப்பைத் தணித்து நடுக்கத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் வில்வித்தை, துப்பாக்கி சுடுதல் போன்ற சிலவற்றில் மட்டுமே தடை. டார்ட்ஸும் அதில் ஒன்று. ஐந்து முறை உலகச் சாம்பியனான எரிக் பிரிஸ்டோவுக்கு 1980-களின் நடுவில் வந்த கோளாறைப் பார்த்தால் காரணம் விளங்கும். கை பின்னால் போகும், முன்னால் வரும், விரல்கள் மட்டும் டார்ட்டை விடாது. இந்த ஆட்டத்தில் அதற்கென்றே ‘டார்டைட்டிஸ்’ என்ற பெயர் உண்டு. பிரிஸ்டோ போராடி மீண்டு இறுதிப் போட்டிகள் வரை வந்தார், ஆனால் உலகப் பட்டத்தை மறுபடி வெல்லவில்லை. 1990 இறுதிப் போட்டியில் அவரைத் தோற்கடித்தவர், அவரே பணம் கொடுத்து வளர்த்துவிட்ட ஃபில் டெய்லர். டெய்லர் மொத்தம் 16 உலகப் பட்டங்களைக் குவித்தார்.

உடல்பலம் தேவையில்லை என்பது இந்த ஆட்டத்தின் மேல் பழைய குற்றச்சாட்டு. அதற்கு இன்னொரு முகம் உண்டு. 2019 டிசம்பரில் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் ஃபாலன் ஷெராக், டெட் எவட்ஸை 3-2 என்று வென்று, உலகச் சாம்பியன் போட்டியின் அந்த மேடையில் ஆணைத் தோற்கடித்த முதல் பெண் ஆனார். அதே தூரம், அதே பலகை, சலுகை ஏதும் இல்லை. அடுத்த சுற்றில் தரவரிசையில் மேலே இருந்த மென்சூர் சுல்யோவிச்சும் அவரிடம் வீழ்ந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து அதே மேடையில் 16 வயது லூக் லிட்லர் இறுதி வரை வந்து லூக் ஹம்ஃப்ரீஸிடம் 7-4 என்று தோற்றார். 2024-இன் சிறந்த பிரிட்டிஷ் விளையாட்டு ஆளுமைக்கான பிபிசி வாக்கெடுப்பில், 800 மீட்டர் ஒலிம்பிக் தங்கம் வென்ற கீலி ஹாட்ஜ்கின்சனுக்கு அடுத்த இடம் லிட்லருக்குக் கிடைத்தது. சில வாரங்களில், 2025 ஜனவரி 3 அன்று, மைக்கேல் வான் கெர்வனை 7-3 என்று வென்று 17 வயதில் உலகச் சாம்பியனானார்.