பயன்பாட்டுவாதத்துக்கு எழுந்த மறுப்புகள்

ஒரு செயலால் விளையும் மொத்த இன்பத்தையும் துன்பத்தையும் கூட்டிக் கழித்து, அது சரியா தவறா என்று தீர்மானிக்கும் அறக்கொள்கை பயன்பாட்டுவாதம். ஜெரமி பெந்தாம் 1789-இல் வெளியிட்ட நூலில் அதற்கு முறையான வடிவம் தந்தார். ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-இல் அதைச் செப்பனிட்டார். அரசன் படும் வலிக்கும் கூலியாள் படும் வலிக்கும் ஒரே எடை என்பது இக்கொள்கையின் பெருமை. அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. யார் கணக்குப் போடுகிறார்கள், கூட்டுத்தொகைக்குள் யார் காணாமல் போகிறார்கள் என்பதே மறுப்பாளர்களின் கேள்வி. சென்னைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவர் தந்தை ஜேம்ஸ் மில், இந்தியாவில் கால் வைக்காமலே அதன் வரலாற்றை 1817-இல் எழுதி, அதே கம்பெனியில் பதவி பெற்றவர். மகன் 1859-இல் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலில் 'பின்தங்கிய' சமூகங்களுக்கு விலக்கு வைத்தார்: அவர்களை மேம்படுத்துவதே நோக்கமானால் எதேச்சாதிகாரமும் தகும் என்றார். மக்களைக் கேட்காமலே மக்களின் நன்மையைச் சிலர் கணக்கிடலாம் என்னும் இந்த மனப்பாங்குக்கு, அமர்த்தியா சென்னும் பெர்னார்ட் வில்லியம்சும் 1982-இல் தொகுத்த நூலில் 'கவர்னர் மாளிகைப் பயன்பாட்டுவாதம்' என்று பெயரிட்டார்கள். பொருத்தமான பெயர்.

கவர்னர் மாளிகைக் கணக்கு எப்படி நடந்தது என்பதற்குத் தாது வருஷப் பஞ்சம் (1876–78) சாட்சி. பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் 1873–74 பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவழித்து, பெருஞ்சாவைத் தடுத்தவர். அதற்காகவே வீண்செலவுக்காரர் என்ற கெட்ட பெயர் வாங்கினார். 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் அவரைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பியபோது, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் எதிர்த்தார்: அந்த அளவு சோற்றில் மண் சுமக்கும் உடல் தேயும், பிறகு சாகும் என்பது அவர் வாதம். சில மாதங்களில் மாகாண அரசு கூலியை உயர்த்தியது. அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து மயிலாப்பூர் ஓரமாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டப்பட்டதுதான். பஞ்சத்தில் இறந்தோர் 50 லட்சத்துக்கும் மேல்.

இந்தக் கொடுமை முழுவதையும் பெந்தாமின் தலையில் கட்டுவது நியாயமாகாது. தடையற்ற வணிகக் கொள்கைக்கும் ராணுவச் செலவுக் கவலைக்கும் இதில் பங்குண்டு. ஒவ்வொரு சாவையும் நேர்மையாக எண்ணியிருந்தால் பெந்தாமின் கணக்கே டெம்பிள் கூலியைத் தள்ளியிருக்கும். ஆனால் எண்ணும் பொறுப்பு யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்கு அந்தக் கொள்கைக்குள் விடை இல்லை.

இன்னும் ஆழமான மறுப்பைத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971-இல் வைத்தார். நாளைய நன்மைக்காக இன்று ஒருவர் தாமாகவே பட்டினி கிடக்கலாம். இழப்பும் ஈட்டமும் அவருடையவையே. சமூகத்துக்கு அப்படி ஒரே உடல் கிடையாது. ஒருவர் இழப்பதை இன்னொருவர் பெறுவது ஈடுகட்டாது. மனிதர் தனித்தனி ஆட்கள் என்பதைப் பயன்பாட்டுவாதம் பொருட்படுத்தவில்லை என்றார் ரால்ஸ். வில்லியம்ஸ் 1973-இல் வேறு பக்கமிருந்து தாக்கினார்: கணக்கு கட்டளையிட்டால் தன் வாழ்வின் ஆழ்ந்த பற்றுகளையும் ஒருவர் கைவிட வேண்டும் என்றால், பிறகு அவர் யார்?

சென்னின் மறுப்பு அளவுகோலையே பிடிக்கிறது. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டான 1944-இல் கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் நடந்த ஓர் ஆய்வை அவர் எடுத்துக்காட்டுகிறார். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தமக்கு உடல்நலம் சரியில்லை என்றார்கள். கைம்பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு மட்டுமே. அந்தப் பெண்கள் நலமாக இருந்தார்கள் என்று பொருளல்ல. குறை சொல்லும் உரிமை தமக்குண்டு என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. நெடுங்காலம் ஒடுக்கப்பட்டவர் கிடைத்ததில் மனநிறைவு கொள்ளக் கற்றுக்கொள்கிறார். அந்த மனநிறைவை இன்பமென்று எண்ணினால் ஒடுக்குமுறையே கணக்கில் லாபமாகிவிடும். மறுப்புகளுள் இதுவே மிக வலியது.

பயன்பாட்டுவாதிகள் வாளாவிருக்கவில்லை. தனிச் செயலை விட்டு விதிகளின் பயனைப் பார்ப்போம் என்றார்கள் சிலர். அன்றாடத்தில் விதிகளைப் பின்பற்றி, நெருக்கடியில் மட்டும் கணக்குப் போடலாம் என்றார் ஆர். எம். ஹேர். இவை பல மறுப்புகளைத் தணிக்கின்றன. ஆனால் விதியே சிலரைப் பலியிடும்போது பழைய கேள்வி திரும்பி வந்து நிற்கிறது.

அந்தக் கேள்வி இன்று சென்னைக்கு அருகிலேயே எழுந்திருக்கிறது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நெரிசல் கூடியதால், 2022 ஆகஸ்டில் காஞ்சிபுரம் அருகே பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. தேவைப்படும் நிலம் 5,000 ஏக்கருக்கும் மேல். வயல்களும் ஏரிகளும் அதில் அடக்கம். பயணிகளின் வசதி, தொழில், வேலைவாய்ப்பு எல்லாம் ஒரு தட்டில். நிலம் இழக்கவிருக்கும் ஏகனாபுரம் கிராம மக்களின் வீடும் வயலும் மறு தட்டில். தலைகளை எண்ணினால் முதல் தட்டு கனக்கும். அதனாலேயே ஏகனாபுரத்தார் எண்ணிக்கையில் பதில் தேடவில்லை. கிராம சபையில் மீண்டும் மீண்டும் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். எங்களைக் கேட்டீர்களா என்பது அவர்கள் கேள்வி. எவ்வளவு இழப்பீடு என்பது வேறு பேச்சு. நாடாளுமன்றம் 2013-இல் இயற்றிய நிலமெடுப்புச் சட்டம் இந்தக் கேள்விக்கு ஓரளவு இடம் தந்தது: தனியார் திட்டத்துக்கு, பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் சம்மதம் வேண்டும், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டத்துக்கு 70 விழுக்காட்டினரின் சம்மதம். பரந்தூரில் நிலமெடுப்பு தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்கச் சட்டத்தின்படி நடக்கிறது. அதில் அந்தச் சம்மத விதி இல்லை.