பால்சா மரமும் மாதிரி விமானமும்

காரைக்கால் கடற்கரையில் வாழ்வோருக்குக் கட்டுமரத்தை விளக்க வேண்டுவதில்லை. எடை குறைந்த மரங்களைத் தேர்ந்து கயிற்றால் பிணைத்தால் அது கலமாகிவிடும். தென் அமெரிக்காவின் ஈக்குவடோர் கரையிலும் பழங்குடிகள் இவ்வாறே தெப்பம் அமைத்தனர். அங்குச் சென்ற இஸ்பானியர், தெப்பத்தைக் குறிக்கும் தம் சொல்லாலேயே அம்மரத்தைப் 'பால்சா' என்று அழைத்தனர். நீரில் மிதந்த அம்மரமே பிற்காலத்தில் சிறுவர் கையிலிருந்து வானில் மிதந்தது. மாதிரி விமானப் பெட்டிகளில் பழையன சிறந்தனவா, புதியன சிறந்தனவா என்னும் வினாவுக்கு அம்மரத்தின் வரலாறே விடை தரும் என்று நான் கருதுகிறேன்.

மாதிரி விமானக் கலை பால்சாவின் வருகைக்கு முற்பட்டது. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1871-ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்துத் துய்லரித் தோட்டத்தில், அல்போன்ஸ் பெனோ என்னும் இளைஞர் முறுக்கிய ரப்பரின் விசையால் இயங்கும் சிறு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். அது 11 விநாடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் சென்றது. பால்சா இக்கலையில் பரவியதோ 1920-களிலும் 1930-களிலும்தான். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1000 கிலோ. அதே அளவு பால்சா பெரும்பாலும் 100 முதல் 200 கிலோவே இருக்கும்.

இந்நற்பண்பே அதற்குப் போட்டியையும் தேடித் தந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மொஸ்கிட்டோ விமானத்திற்கும், உயிர்காக்கும் மிதவைகளுக்கும் பால்சா தேவைப்பட்டது. ஆகவே அமெரிக்கச் சிறுவரின் பெட்டிகளில் அட்டையும் கனத்த மரமும் புகுந்தன. பழையன எல்லாம் நல்லன என்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வெட்டும் முறையிலோ புதியதே மேம்பட்டது. முன்னாளில் பலகைமீது உறுப்புகளின் வடிவம் மட்டும் அச்சிடப்பட்டிருந்தது; வெட்டுவது வாங்கியவர் பொறுப்பு. பின்னர் அச்சுக் கத்தியால் அழுத்தி வெட்டினர். கத்தி மழுங்கினால் மென்மரம் நசுங்கிற்று. இன்று லேசர் கதிர் மயிரிழையும் பிசகாது வெட்டுகிறது.

ஆயினும் மரத்தைத் தேர்வது லேசரின் வேலை அன்று. இறக்கையின் விலாவுக்கு விறைப்பான பலகை வேண்டும். வளைத்து மூடுவதற்கு நெகிழ்வான பலகை வேண்டும். இரு இறக்கைகளும் எடையில் ஒவ்வாவிடில் விமானம் ஒருபுறம் சாயும். இந்நாளில் காற்றாலை இறகுகளின் உட்பகுதிக்கும் பால்சா செல்கிறது. 2020-ஆம் ஆண்டையொட்டிச் சீனத்தின் காற்றாலைகளுக்கு அது பெருமளவில் வாங்கப்பட்டபோது, மரத்துக்குத் தட்டுப்பாடு உண்டாகி விலையும் ஏறிற்று. போர்க்காலத்துக் கதை வேறு உருவில் திரும்பிற்று.

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானக் கலையும் பயிற்சியாக விளங்குகிறது. அதில் ஈடுபடும் மாணவருக்கு நான் கூறுவது ஒன்றே: பெட்டியின் மேலுள்ள வண்ணப் படத்தையும் ஆண்டையும் பார்த்து மயங்காதீர்கள். பலகையைக் கையில் ஏந்தி எடையை உணருங்கள். மெல்ல வளைத்து அதன் இயல்பை அறியுங்கள். மரம் அறிந்த கையே விமானத்தைப் பறக்கச் செய்யும்.